மண்சாலையில் கார் ஃபிரிட்ஜ் அடிக்கடி நின்றுபோகிறது, நாளை மறுநாள் ஊட்னடட்டா பாதை, உதவுங்கள்

செம்மண்பயணி:
அடிலெய்டிலிருந்து கிளம்பி இப்போது தென் ஆஸ்திரேலியாவில் ஊட்னடட்டா பாதை தொடங்கும் மாரீயில் கூடாரம் போட்டிருக்கிறோம். இங்கிருந்து மார்லா வரை 600 கிலோமீட்டருக்கு மேல் மண்சாலை, கூட இரண்டு சின்னப் பிள்ளைகள். டிக்கியில் 12 வோல்ட் ஃபிரிட்ஜ். பிளிண்டர்ஸ் மலையில் பிராச்சினா பள்ளத்தாக்கு வழியாக வந்த நாளிலிருந்து தொல்லை. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று சிவப்பு விளக்கு மின்னி நின்றுவிடும். இரவில் என்றால் பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைக்கலாம், வண்டி ஓடும்போதும் நிற்கிறதே, அதுதான் புரியவில்லை. ஃபிரிட்ஜுக்கென்று வைத்த இரண்டாவது பேட்டரி புதுசு. வீட்டில் உறையவைத்துக் கொண்டுவந்த கோழிக்குழம்பு ஓரமெல்லாம் இளகிவிட்டது. ஃபிரிட்ஜே போய்விட்டதா?

பழைய லாரிக்காரன்:
தம்பி, ஃபிரிட்ஜை அப்புறம் பார்ப்போம். எதில் செருகியிருக்கிறீர்கள், சிகரெட் லைட்டர் துளையிலா, தடித்த வயருக்கென்று இருக்கும் ஆண்டர்சன் பிளக்கிலா? இன்ஜின் ஓடும்போது ஃபிரிட்ஜ் திரையில் எத்தனை வோல்ட், அதே நேரம் அந்த இரண்டாவது பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வைத்தால் எத்தனை? இரண்டும் வேண்டும்.

செம்மண்பயணி:
லைட்டர் துளைதான் அண்ணா. பேட்டரியில் 13.9, திரையில் 11.7. கம்ப்ரசர் நின்றதும் திரையில் 13க்கு மேல் ஏறிவிடுகிறது. இன்னொன்று, பிளக்கைத் தொட்டால் சுடுகிறது.

பழைய லாரிக்காரன்:
சுடுகிறதா, அப்போ ஆள் அகப்பட்டான். 2 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைகிறது. ஃபிரிட்ஜ் 5 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள், 11 வாட் அந்த வயரிலும் பிளக்கிலும் சூடாகப் போகிறது. ஃபிரிட்ஜுக்கு வந்து சேர்வது 11.7தான் என்பதால், பேட்டரி காலியாகிறது என்று நினைத்துத் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. நின்றதும் இழுப்பு இல்லை, வோல்ட் ஏறிவிடும். பேட்டரி ஒரேயடியாக இறங்காமல் ஃபிரிட்ஜை நிறுத்தும் அமைப்பு, அதுதான் பேட்டரி காப்பு, 'உயர்' என்பதில் இருக்கும், பாருங்கள். அதில் பல ஃபிரிட்ஜ்கள் 11.8 பக்கத்திலேயே நின்றுவிடும். உங்களுக்குத்தான் தனி பேட்டரி இருக்கிறதே, இன்ஜின் கிளம்பாமல் போகாது, ஒரு படி இறக்குங்கள். ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள், சூடு அப்படியே இருக்கும். பிளக்கைக் கழற்றி முனையில் இருக்கும் திருகுமூடியைப் பாருங்கள். தகரக்கூரை மாதிரி வரிவரியான சாலையில் அது தானாகவே கழன்றுகொள்ளும்.

கூடாரக்காரி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். டயரில் காற்று எவ்வளவு? தார்ச்சாலைக்கு வைத்த 40 பிஎஸ்ஐயோடு மண்ணில் போனால் பிளக் மட்டுமல்ல, பல்லும் கழன்றுவிடும். நான் 28க்கு இறக்கி, 80க்கு மேல் போகவே மாட்டேன். அப்புறம் அந்தக் கோழிக்குழம்பு, 5 டிகிரிக்கு மேல் மொத்தம் 4 மணி நேரம் இருந்திருந்தால் யோசிக்காமல் கொட்டுங்கள். அடுத்த ஊரான வில்லியம் கிரீக் மாரீயிலிருந்து 200 கிலோமீட்டர், நடுவழியில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் என்ன செய்வீர்கள்?

செம்மண்பயணி:
அண்ணா சொன்னதேதான். மூடி இரண்டு சுற்றுக் கழன்றிருந்தது. திறந்ததும் ஃபியூஸும் குட்டி ஸ்பிரிங்கும் கையில் விழுந்தன, ஸ்பிரிங்கின் ஒரு நுனி கருகிக் கறுத்திருந்தது. மனைவியின் நகத்தேய்ப்பானால் சுரண்டி, இறுக்கி, மேலே டேப் சுற்றினேன். இப்போது திரையில் 12.8, பிளக் லேசான வெதுவெதுப்புதான். காப்பையும் 'நடு' என்று மாற்றிவிட்டேன், இரவு முழுக்க நிற்கவில்லை. கோழி போய்விட்டது, பெரியவன் முகம் தொங்கிவிட்டது.

பழைய லாரிக்காரன்:
நல்லது. கருகிய ஸ்பிரிங்கை நம்பாதீர்கள், இப்போதைக்கு ஓடும், அவ்வளவுதான். வண்டி நிற்கும்போதெல்லாம் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். திரும்பியதும் பேட்டரியிலிருந்து தடித்த வயர் இழுத்து ஆண்டர்சன் பிளக் போட்டுவிடுங்கள். கிளம்பும் முன் ஊரில் இருக்கும் சாலைப் பலகையைப் பாருங்கள், 'மூடப்பட்டது' என்று இருந்தால் மழை ஓய்ந்துவிட்டதே என்று இறங்காதீர்கள், அபராதம் உண்டு.

செம்மண்பயணி:
பார்த்தேன், 'திறந்திருக்கிறது' என்றே போட்டிருக்கிறது. நாளை இரவு வழியில் கூடாரம் போடும் இடமான கவர்ட் ஸ்பிரிங்ஸில், தக்காளித் தொக்கும் ரொட்டியும்.