அப்பா இடுப்பில பிஸ்டலோட கடைக்குப் போறார்: சேம்பர்ல குண்டு இருக்கவேணுமா, வேண்டாமா?

கொட்டாஞ்சேனை_மகன்:

எல்லாருக்கும் வணக்கம். கனநாளா இங்க வாசிச்சுக்கொண்டுதான் இருந்தனான், எழுதுறது இதுதான் முதல்தரம். வீட்ட ரெண்டு கிழமையா ஒரே சண்டை, எனக்கு நித்திரையும் இல்ல, அதான் கேக்கிறன்.

அப்பாக்கு கொழும்பு செட்டியார் தெருவில சின்ன நகைக்கடை. வீடு கொட்டாஞ்சேனையில, நடந்தாலே இருவது நிமிசம்தான். பாதுகாப்பு அமைச்சில எடுத்த லைசனோட 9 மில்லிமீட்டர் பிஸ்டல் ஒண்டு அவரிட்ட கனவருசமா இருக்கு. 2024இல தற்பாதுகாப்புக்குக் குடுத்த துவக்குகள எல்லாம் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்னவங்கள், நவம்பர் 7 எண்டு சொல்லி பிறகு 21 வரைக்கும் நீட்டினது, அப்ப அவரும் கொண்டுபோய்க் குடுத்தவர். விசாரிச்சுப்போட்டுத் திருப்பிக் குடுத்திட்டாங்கள்.

முந்தி அது கடைப் பெட்டகத்துக்குள்ளதான் கிடக்கும். போன மாசம் தெரிஞ்ச ஒரு கடைக்காரர ரெண்டு பேர் மோட்டார் சைக்கிள்ல வந்து மறிச்சு பையைப் பறிச்சுக்கொண்டு போனதுக்குப் பிறகு அப்பா அத சேர்ட்டுக்குள்ள இடுப்பில செருகிக்கொண்டுதான் போறார் வாறார். மகசீன் நிறைய குண்டு, ஆனா சேம்பர்ல, அதாவது வெடிக்கத் தயாரா குழலடியில ஒரு குண்டு நிக்கிற இடத்தில, இல்ல. இப்ப மாமா அமெரிக்காவில இருந்து லீவில வந்து நிக்கிறார். அவர் சொல்லுறார், மழை வந்தாப்பிறகு அலுமாரித் திறப்பத் தேடி குடை எடுக்கிற மாதிரித்தான் இது, சேம்பர்ல ஒண்டு ஏத்தித்தான் கொண்டுபோகவேணும், அங்க எல்லாரும் அப்பிடித்தான் எண்டு. அப்பா அதக் கேட்டு மூண்டு நாளா ஏத்திக்கொண்டு போறார். இரவில வந்து பெருவிரலால ஹமர, அதாவது பின்னால இருக்கிற சின்னச் சுத்தியல, பிடிச்சு மெல்லமா இறக்கிப்போட்டு மேசையில வைக்கிறார். அக்காட பிள்ளைக்கு நாலு வயசு, தாத்தா வந்தோடன ஓடிப்போய் மடியில ஏறும்.

மாமா சொல்லுறது சரியா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. அப்பாவோட கதைக்க எனக்கு ஏதும் பிடிமானம் வேணும், சும்மா பயத்தில சொல்லுறன் எண்டு நினைக்கிறார்.

டலஸ்_தம்பி:

அண்ணா, நான் டெக்ஸஸ்லதான் இருக்கிறன், இங்க 2021 செப்டெம்பர் 1க்குப் பிறகு 21 வயசு தாண்டின, சட்டப்படி துவக்கு வச்சிருக்கக்கூடிய ஆக்களுக்கு பெர்மிட் இல்லாமலே கைத்துவக்கு கொண்டு திரியலாம். அதுக்கு முதல் லைசன் வகுப்புக்குப் போய் எடுத்தனான், அதனால கொஞ்சம் சொல்லலாம்.

மாமா சொல்லுற நியாயம் பொய் இல்ல. சேம்பர் வெறுமையா இருந்தா ஸ்லைட்ட, அதாவது பிஸ்டல்ட மேல்பாகத்த, பின்னால இழுத்து ஒரு குண்ட ஏத்த ரெண்டாவது கை வேணும். பை ஒரு கையில, இல்லாட்டி வாறவன ஒரு கையால தள்ளிக்கொண்டு நிக்கிறீங்கள் எண்டா அந்தக் கை எங்க இருக்கு? 1983இல டென்னிஸ் டுல்லர் எண்ட சோல்ட் லேக் சிட்டி பொலிஸ்காரர் எழுதின ஒரு விசயத்த இங்க எல்லா வகுப்பிலயும் சொல்லுவாங்கள், கத்தியோட இருக்கிறவன் 21 அடி தூரத்த, அதாவது ஆறரை மீட்டருக்குக் கிட்டவா, ஒண்டரை செக்கன்ல ஓடி வந்திடுவான். அந்த ஒண்டரை செக்கனுக்குள்ள சேர்ட்டத் தூக்கி, எடுத்து, ஸ்லைட் இழுத்து, குறி பார்க்கிறது நடக்கிற காரியம் இல்ல. அதாலதான் இங்க அநேகம் பேர் ஏத்தித்தான் கொண்டு போறது.

ஆனா மாமா பாதியத்தான் சொல்லியிருக்கிறார். இங்க ஏத்திக் கொண்டுபோற பிஸ்டல் கூடுதலா க்ளொக் கம்பனிட பிஸ்டல் மாதிரி சாமான். அதில ட்ரிகர்ல ஒரு சேஃப்டி, உள்ள ஃபயரிங் பின்ன, அதாவது குண்டில குத்தி வெடிக்க வைக்கிற ஊசிய, மறிக்கிற சேஃப்டி, விழுந்தா வெடிக்காம இருக்க இன்னொண்டு எண்டு மூண்டு இருக்கு, ட்ரிகர முழுசா இழுத்தாத்தான் வெடிக்கும். அதால ட்ரிகர் முழுக்க மூடுற கெட்டியான ஹோல்ஸ்டர், அதாவது துவக்கு உறை, இல்லாம ஒருத்தரும் புத்தியோட கொண்டுபோகமாட்டாங்கள். ஹோல்ஸ்டர் இல்லாம இடுப்பில செருகினா என்ன நடக்கும் எண்டதுக்கு இங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒராள் இருக்கிறார், ப்ளாக்ஸிகோ பரஸ் எண்ட அமெரிக்கன் ஃபுட்போல் வீரர். 2008 நவம்பர்ல நியூயோர்க் கிளப் ஒண்டுக்குள்ள காற்சட்டைக்குள்ள செருகியிருந்த க்ளொக் வழுகினது, பிடிக்கப்போனார், தன்ர தொடையிலயே வெடி. அதோட லைசன் இல்லாமக் கொண்டுபோன குற்றத்துக்கு ரெண்டு வருசச் சிறை. புகழ், காசு எல்லாம் இருந்த மனுசன்.

அப்பாட பிஸ்டல் என்ன மாதிரி எண்டு சொல்லுங்கோ அண்ணா. அது தெரியாம ஏத்துங்கோ எண்டோ ஏத்தவேண்டாம் எண்டோ நான் சொல்லமாட்டன்.

பழைய_கேஷ்வான்_காரன்:

தம்பி, நான் பதினாறு வருசம் காசு ஏத்துற வான்ல காவலுக்குப் போனவன், இப்ப ரிட்டயர். வெள்ளவத்தையில இருக்கிறன். நீர் எழுதினதில எனக்கு நெஞ்சு பதறினது சேம்பர் விசயத்தில இல்ல, பெருவிரலால ஹமர இறக்கிறார் எண்ட இடத்தில. முதல்ல அத நிப்பாட்டும். இண்டைக்கு இரவே.

ஏன் எண்டு சொல்லுறன். குண்டு சேம்பர்ல இருக்கேக்க ஹமர இறக்க வேணுமெண்டா ட்ரிகர இழுத்துக்கொண்டு விரலால ஹமரத் தாங்கவேணும். அதாவது வெடிக்க வைக்கிற வேலையச் செய்துகொண்டே வெடிக்காம பிடிக்கிறார். கொழும்பு வெக்கையில நாள் முழுக்க கடையில நிண்டு வியர்த்த கை, அறுபது வயசு தாண்டின விரல், ஒருக்கா வழுகினா காணும். அவர் நூறு தரம் சரியாச் செய்வார், நூத்தியோராம் தரம் மேசையில ஆர் இருப்பினம் எண்டு யோசிச்சுப் பாரும்.

ரெண்டாவது, ஒவ்வொரு நாளும் காலம ஏத்தி இரவில இறக்கிறதுதான் விபத்து நடக்கிற இடம். எங்கட கம்பனியில துவக்கு எடுக்கிறதும் குடுக்கிறதும் மண் நிரப்பின பெட்டிக்கு முன்னால நிண்டுதான், வாய் அந்தப் பெட்டிக்குள்ள, முதல்ல மகசீன், பிறகு ஸ்லைட், பிறகு கண்ணால பார்த்து விரலால தடவி வெறுமையோ எண்டு உறுதிப்படுத்துறது. எங்கட ஆக்களில கனபேர் விடுற பிழை, ஸ்லைட்ட முதல் இழுத்து குண்ட எடுத்துப்போட்டு பிறகு மகசீனக் கழட்டுறது. அப்ப என்ன நடந்திருக்கும்? ஸ்லைட் திரும்பிப் போகேக்க அடுத்த குண்ட உள்ள தள்ளியிருக்கும். ஆள் வெறும் துவக்கு எண்டு நினைச்சுக்கொண்டு நிப்பார். இன்னொண்டும் இருக்கு, ஒரே குண்ட திரும்பத் திரும்ப ஏத்தி இறக்கினா சன்னம், அதாவது பறந்துபோற முனை, கோதுக்குள்ள கொஞ்சங்கொஞ்சமா அமுங்கிப் போகும், பிறகு சுடேக்க அமுக்கம் கூடும், துவக்கே உடைஞ்சு கையில காயம் வரலாம். அப்பா எத்தினை குண்ட மாத்தி மாத்தி ஏத்துறார் எண்டு கேளும்.

மூண்டாவது, அவர் கடைசியா எப்ப சுட்டுப் பழகினவர்? டலஸ் தம்பி இருக்கிற ஊரில சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போய் ஒரு பெட்டி குண்டு சுட்டுப்போட்டு வரலாம். இங்க லைசனுக்கு அளந்துதான் குண்டு. பழக்கம் இல்லாத கைக்கு சேம்பர்ல குண்டு இருந்தா வேகம் வராது, விபத்துத்தான் கிட்ட வரும். எங்கள ஆறு மாசத்துக்கு ஒருக்கா சுட வைப்பாங்கள், அதுவும் காணாது எண்டுதான் நாங்க முறைப்படுவம்.

செட்டியார் தெருவ நினைச்சுப் பாரும் தம்பி. ஆடிவேல் திருவிழா நாளை விடும், சாதாரண பின்னேரமே கதிரேசன் கோயிலடியில ஆளோட ஆள் உரசித்தான் நடக்கிறது. அதுக்குள்ள 9 மில்லிமீட்டர் சன்னம் ஒராளத் துளைச்சு அடுத்த ஆளுக்கும் போகும். பை போனா போகட்டும்.

தெமட்டகொட_உம்மா:

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு துவக்குப் பத்தி ஒண்டும் தெரியாது, ஆனா எங்கட வீட்டில நடந்தத சொல்லாம போக மனசு வரல்ல. எங்கட சாச்சா கல் யாவாரம், இரத்தினபுரிக்குப் போய் வார ஆள், லைசனோட ரிவோல்வர் இருந்திச்சு. ஒரு நாள் நோம்பு திறக்கிற நேரம் அவசரத்தில இடுப்பிலருந்து எடுத்து அலுமாரி மேல வைக்கப் போகக்குள்ள சாரன்ட மடிப்பில சிக்கி இழுபட்டு வெடிச்சிட்டுது. அல்லாஹ்ட காவல், சுவரிலதான் பட்டிச்சு. அந்தச் சுவருக்கு அங்கால அறையில என்ட மகள் தொட்டில்ல படுத்திருந்தா. இண்டைக்கு அவளுக்கு பதினொரு வயசு, எனக்கு இப்பவும் பட்டாசுச் சத்தம் கேட்டா கை நடுங்கும். சாச்சா அடுத்த நாளே கொண்டுபோய் ஒப்படைச்சிட்டார். மகன், உங்கட வாப்பாக்கு இத வாசிச்சுக் காட்டுங்க.

அளுத்கடை_சட்டம்:

சட்டப் பக்கத்த நான் சொல்றேங்க. நம்ம ஊர்ல இது 1916ஆம் வருசத்து சுடுகலன் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ வருது, 1996ல திருத்தி தண்டனைய கூட்டினாங்க. லைசன் வருசா வருசம் டிசம்பர் 31ஓட முடியும், புதுப்பிக்காம ஜனவரியில இடுப்புல வச்சிருந்தா அது லைசன் இல்லாத துவக்குதான். லைசன் ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு இல்ல. அப்பாவுக்கு முடியலைன்னு ஒரு நாள் நீங்க பையில போட்டுக்கிட்டு வந்தீங்கன்னா உங்க மேல வழக்கு. லைசன்ல எழுதியிருக்கிற நிபந்தனைய முழுக்க வாசிங்க, என்ன அனுமதிச்சிருக்குன்னு தெரியாமலே கொண்டு போறவங்க நிறைய.

சுட்டதுக்குப் பிறகு என்ன நடக்கும்ங்கிறத உங்க மாமா யோசிச்சிருக்க மாட்டார், ஏன்னா அமெரிக்காவுல சட்டம் வேற. இங்க தண்டனைச் சட்டக்கோவையில 89லருந்து 99 வரைக்கும் தற்பாதுகாப்பு உரிமை இருக்கு, அது நிஜமான உரிமைதான். ஆனா தேவைக்கு மேல தீங்கு செய்ய அந்த உரிமை நீளாதுன்னு 92 தெளிவா சொல்லுது. உயிர் போகும் இல்ல கடுங்காயம் வரும்னு நியாயமான பயம் இருக்கிற நேரத்துக்கும், பைய பறிச்சுக்கிட்டு ஓடுறவன முதுகுல சுடுறதுக்கும் கோர்ட்டுல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்த ரெண்டுக்கும் நடுவுல உங்க அப்பாவுக்கு கிடைக்கிறது ஒரு மூச்சு விடுற நேரம். சேம்பர்ல குண்டு இருந்தா அந்த மூச்சும் குறையும்.

இன்னொண்ணு. 2025 பெப்ரவரி 19ஆம் திகதி இதே அளுத்கடை நீதிமன்றத்துக்குள்ள, வெட்டிக் குடைஞ்ச புத்தகத்துக்குள்ள ஒளிச்சுக் கொண்டு வந்த ரிவோல்வரால ஒருத்தரைச் சுட்டுக் கொன்னாங்க. அதுக்குப் பிறகு சேர்ட்டுக்குள்ள புடைச்சிக்கிட்டு இருக்கிறத பொலிஸ் பார்க்கிற பார்வையே வேற. ரோட்டுல மறிச்சா கைய இடுப்புக்குக் கொண்டு போகவே கூடாது, லைசன் இருக்குன்னு வாயால சொல்லிட்டு ரெண்டு கையும் தெரிய நிக்கணும். தமிழ் ஆளுங்க நமக்கு செக்பொயின்ட்ல நிக்கிற பழக்கம் இருக்கு, அப்பாவுக்கு நான் சொல்லிக் குடுக்கத் தேவையில்ல.

கொட்டாஞ்சேனை_மகன்:

எல்லாருக்கும் நன்றி, உண்மையா. டலஸ் தம்பி கேட்டது: பிஸ்டல் பழசு, ஹமர் வெளியில தெரியுது, இடப்பக்கம் சின்ன சேஃப்டி ஒண்டு மேல கீழ போகும், ஹமர இறக்கிற நெம்பு ஒண்டும் இல்ல. ஹோல்ஸ்டர் எண்டு ஒரு துணி உறை இருக்கு, அது சேர்ட்டுக்கு மேல தெரியுது எண்டு போடமாட்டார். குண்டு பெட்டியில திகதியே வாசிக்க முடியேல்ல. கடைசியா சுட்டது லைசன் எடுத்த வருசமாம்.

டலஸ்_தம்பி:

அண்ணா அப்ப என்ர பதில் தெளிவு, ஏத்த வேண்டாம். அந்தமாதிரிப் பழைய பிஸ்டல் சிலதில ஃபயரிங் பின்ன மறிக்கிற பூட்டே இல்ல, ஹமர இறக்கி குண்டோட வச்சிருந்தா கீழ விழுந்தாலே வெடிக்கலாம். ஹமர இழுத்து சேஃப்டி போட்டுத்தான் ஏத்திக் கொண்டுபோகலாம், ஆனா அதுக்கு நல்ல ஹோல்ஸ்டரும் விரல் தன்பாட்டில சேஃப்டிய தட்டுற பழக்கமும் வேணும். ரெண்டும் அப்பாட்ட இல்ல. மாமாட்ட நான் சொன்னன் எண்டு சொல்லுங்கோ, தேவை எண்டா என்னோட கதைக்கட்டும்.

பழைய_கேஷ்வான்_காரன்:

அதோட தம்பி, துவக்கப் பற்றிக் கதைச்சது காணும், நகையப் பற்றிக் கதையும். எங்களுக்கு முதல் நாள் படிப்பிச்சது நேரத்தையும் பாதையையும் மாத்துறது. உங்கட அப்பா தினமும் ஒரே நேரம் ஒரே ஒழுங்கையால ஒரே பையோட நடந்து போறார் எண்டா, இடுப்பில என்ன இருந்தாலும் அவனுக்கு அது தெரிஞ்ச நேரம்தான். மோட்டார் சைக்கிள்ல ரெண்டு பேர் பின்னால வந்தா, நீர் திரும்பிப் பார்க்க முதல் அவங்கள் தொடங்கியாச்சு. நகைய இரவில கடைப் பெட்டகத்தில விட்டுட்டு வெறுங்கையோட வரட்டும். கொண்டுவரத்தான் வேணும் எண்டா ரெண்டு பேரா, தெரிஞ்ச த்ரீவீல்ல, கடை வாசல்ல இருந்து வீட்டு வாசல் வரைக்கும்.

பிஸ்டல் வெறுமையா, குண்டு வேற இடத்தில, ரெண்டும் பூட்டி, திறப்பு அப்பாட்ட. பிள்ளை மடியில ஏற முதல் அது பெட்டிக்குள்ள போயிருக்கவேணும்.

கொட்டாஞ்சேனை_மகன்:

நேற்று இரவு எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினன், தெமட்டகொட அக்கா எழுதினதுக்கு அம்மா அழுதிட்டா. அப்பா ஒண்டும் சொல்லேல்ல, எழும்பிப் போய் மகசீனக் கழட்டி, பிறகு ஸ்லைட்ட இழுத்து, அந்த ஒரு குண்ட என்ர கையில தந்தவர். விளிம்பில கீறல், சன்னம் மற்றதுகளை விட உள்ள போயிருந்தது, பக்கத்தில வச்சுப் பார்க்க நல்லாத் தெரிஞ்சது. இண்டைக்கு நகை எல்லாம் கடையிலதான். நாங்க ரெண்டு பேரும் ஜம்பட்டா வீதியால வெறுங்கையோட நடந்து வந்தம். பழைய குண்டுகள என்ன செய்யிறது எண்டு திங்கக்கிழமை பொலிஸில கேக்கப்போறம்.