சம்பளத்தை நினைத்து மருத்துவம் படிக்கலாமா?

கேள்வி: கருங்கல்காரன்

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளிடம், எதற்காக மருத்துவம் என்று அவளுடைய பெரியப்பா கேட்டபோது, "நல்ல சம்பளம், வேலையும் நிலையானது" என்று சொல்லிவிட்டாள். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. எவரெஸ்ட் ஏறுவதற்காக 1922இல் இந்தியா வந்த சோமர்வெல் டாக்டர், நம் குமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் கூட்டத்தின் நடுவே ஒரே அறுவை மருத்துவர் திணறுவதைக் கண்டு, லண்டன் வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே தங்கிய கதையை அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பணத்தை நினைத்து இந்தப் படிப்புக்குப் போவது தவறா? போனால் உண்மையில் என்ன கிடைக்கும்? நான் ரப்பர் பால் வெட்டுபவன். மகள் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளியில்.

பதில்: தக்கலை டாக்டர்

அண்ணன், சோமர்வெல் கதை உண்மைதான். ஆனால் அவர் இங்கிலாந்தில் காலணித் தொழில் நடத்திய வசதியான குடும்பத்துப் பிள்ளை என்பதையும் பெரியவர் சேர்த்துச் சொல்ல வேண்டும். (அவருடைய தியாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை.)

அரசு உதவி மருத்துவருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய், அகவிலைப்படி தனி. படிப்பு நாலரை ஆண்டு, பயிற்சி மருத்துவராக ஓராண்டு, மேற்படிப்பு மூன்றாண்டு என்று கழிவதற்குள், கூடப் படித்துப் பொறியியலுக்குப் போனவன் வீடு கட்டிப் பால் காய்ச்சியிருப்பான். 2009ஆம் ஆண்டின் அரசாணை 354இன்படி ஊதியம் கேட்டு 2019 அக்டோபரில் நாங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சேவை செய்பவர்கள் சம்பளம் கேட்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு. உங்கள் மகள் சொன்னதில் தவறு எதுவும் இல்லை.

பதில்: குளச்சல் பொண்ணு

நானும் நிலையான வேலை என்றுதான் சேர்ந்தேன். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, கெளுத்தி முள் குத்திய கையோடு ஒரு மீனவர் நள்ளிரவில் துடித்துக்கொண்டு வந்தார். தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர் கொண்டுவரச் செய்து கையை அமிழ்த்தி வைத்தோம். சற்று நேரத்தில் அவர் பல்லைக் கடிப்பதை நிறுத்திவிட்டு, வலையை யார் எடுத்துவைத்தார்கள் என்று கூட வந்தவரிடம் விசாரிக்கத் தொடங்கினார். இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது அன்றுதான்.

பிறகு சில மாதங்கள் ஒரு தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக இருந்தேன். அரசு அடிப்படை ஊதியத்தைவிடக் குறைவாகத்தான் கொடுத்தார்கள். அதிலும் எத்தனை ஸ்கேன் எழுதினாய் என்று மாதக் கடைசியில் கேட்பார்கள். எனக்குக் கடன் இல்லாததால் விட்டுவிட்டு வர முடிந்தது. தனியார் கல்லூரியில் லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் படித்த தோழி, சேவை மனத்தோடு வந்தவள்தான், அங்கேயே இருந்து ஸ்கேன் எழுதிக்கொண்டிருக்கிறாள். எனவே அண்ணன், என்ன நோக்கத்தோடு சேர்கிறாள் என்பதைவிட எவ்வளவு கடனோடு வெளியே வருவாள் என்பதைப் பாருங்கள். மருத்துவப் படிப்புக்கு 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்குத்தான். உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. நம் மாவட்டத்தில் பலர் இதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

கருங்கல்காரன்

ஒதுக்கீடு கிடைக்கும் என்றே இதுவரை நம்பியிருந்தேன். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் மருத்துவம், இல்லையென்றால் செவிலியர் படிப்பு என்று மகளே சொல்லிவிட்டாள். நிலத்தை விற்க வேண்டாம் என்கிறாள். காலணித் தொழில் விஷயத்தைப் பெரியப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.