ஃபிஃப்த் வீல் ஆர்வி கிச்சன்ல நம்ம சமையல் சாமான் எல்லாம் எங்க வைக்கிறது? ஐடியா குடுங்க

காத்தாடி_வீட்டுக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்காரருக்கு விண்ட் ஃபார்ம்ல கான்ட்ராக்ட் வேலை, மேற்கு டெக்சாஸ், ஓக்லஹோமா, கான்சாஸ்னு சைட் மாறிக்கிட்டே இருக்கும், எனக்கு ரிமோட் ஜாப், அதனால அபார்ட்மென்ட்ட காலி பண்ணிட்டு ஒரு 41 அடி ஃபிஃப்த் வீல் (பிக்கப் டிரக் மேல முன்பக்கத்த மாட்டி இழுத்துட்டு போற வீட்டு வண்டி) வாங்கி அதுலயே குடித்தனம். லக்சரி மாடல்னு தான் வித்தாங்க, நடுவுல ஐலேண்டு, ரெசிடென்ஷியல் ஃபிரிட்ஜ், சாலிட் சர்ஃபேஸ் கவுன்டர், எலக்ட்ரிக் ஃபயர்பிளேஸ் வரைக்கும் இருக்கு. ஆனா இத டிசைன் பண்ணவர் வீட்ல வாரத்துக்கு ஒரு தடவ ஆம்லெட் போட்டா பெருசு போல. பேன்ட்ரி ரெண்டு அடி ஆழம், சும்மா பலகை அடிச்சு விட்டிருக்காங்க, பின்னாடி போன வெந்தய டப்பா திரும்பி வர்றதே இல்ல. மேல இருக்கற கேபினட் என் கைக்கு எட்டாது. சிங்க் அடியில பாதி இடம் பைப்புக்கே போயிடுது. மூணு பர்னர் இருக்குன்னு பேரு, குக்கர் வச்சா பக்கத்துல வாணலி வைக்க முடியல, இடிக்குது.

நாங்க இருக்கற ஊர்ல இந்தியன் ஸ்டோர் கிடையாது, டல்லாஸ் பக்கம் போறப்போ இர்விங்ல மாசத்துக்கு உண்டானத மொத்தமா அள்ளிக்கிட்டு வருவோம், 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை, பருப்பு, புளி, எண்ணெய் எல்லாம். இதுல கிரைண்டர் வேற. இப்ப அது சோஃபா பக்கத்துல தரையில உக்காந்திருக்கு, கால்ல இடிச்சுக்காத நாளே இல்ல. நவம்பர்ல அத்தை வர்றாங்க, ஆறு மாசம் இருப்பாங்க, அவங்களுக்கு அடுக்களை சரியா இல்லன்னா வாய் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாங்க ஆனா முகத்துல தெரிஞ்சிடும் 😄

டீலர்கிட்ட கேபினட் கூடப் போட்டுத் தருவீங்களான்னு கேட்டா அவர் சொன்ன விலைக்கு பழைய கார் ஒண்ணு வாங்கிடலாம். நாமளே பண்ற மாதிரி என்ன பண்ணலாம்? தாளிக்கிற புகைக்கும் ஒரு வழி சொல்லுங்க, ஒவ்வொரு தடவயும் ஸ்மோக் அலாரம் கத்துது, ஹூட்ட ஆன் பண்ணா சத்தம் மட்டும் தான் வருது.

ஹைவே_கிழவன்:

வாங்கம்மா. இடம் எங்க இருக்குன்னு தேடறதுக்கு முன்னாடி எடை எவ்வளவு பாக்கின்னு பாருங்க. வாசல் கதவு பக்கத்துல மஞ்சள் ஸ்டிக்கர் ஒண்ணு இருக்கும், இதுக்கு மேல கார்கோ ஏத்தாதேன்னு ஒரு பவுண்டு கணக்கு போட்டிருக்கும். லக்சரி மாடல்ல தான் இதுல பெரிய ஏமாத்தமே, ஐலேண்டு, ஃபயர்பிளேஸ், பெரிய ஃபிரிட்ஜ், ரெண்டாவது ஏசின்னு கம்பெனியே எடைய ஏத்தி வச்சிருப்பான், நமக்குன்னு மிச்சம் கம்மியா தான் இருக்கும். தண்ணியும் அந்தக் கணக்குல தான் கழியும். ஒரு கேலன் 8.34 பவுண்டு, 100 கேலன் டேங்க்க ரொப்பிட்டு கிளம்பினா 834 பவுண்டு அங்கயே போச்சு. போற இடத்துல தண்ணி ஹூக்கப் (கனெக்‌ஷன்) இருக்குன்னா டேங்க்ல கொஞ்சமா வச்சுக்கிட்டு போங்க, அந்த எடைக்கு எத்தன அரிசி மூட்டை ஆகும்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

அடுத்தது பின் வெயிட், அதாவது வண்டியோட முன்பக்கம் டிரக் மேல அழுத்தற எடை. மொத்த எடையில 20லேர்ந்து 25 சதவீதம் டிரக் மேல உக்காரும். வண்டி 16,000 பவுண்டுன்னு வச்சுக்கிட்டா 3,200லேர்ந்து 4,000 பவுண்டு. முன்னாடி பேஸ்மென்ட்ல (தரைக்கு அடியில சாமான் வைக்கிற அறை) பெரிய இடம் இருக்கேன்னு மூட்டை மூட்டையா அங்க அடுக்கினா அதுல முக்காவாசி டிரக் தலையில தான் ஏறும், டிரக் எவ்வளவு சுமக்கும்னு அதோட கதவுல பேலோட் ஸ்டிக்கர் இருக்கும், அதையும் பாருங்க. ஆக்சிலுக்கு மேல, தரையோட தரையா, அது தான் கனமான சாமானுக்கு இடம். லோடு எல்லாம் ஏத்தினப்புறம் டிரக் ஸ்டாப்ல கேட் ஸ்கேல்னு வண்டி எடை போடற மேடை இருக்கும், ஒரு தடவ ஏத்திப் பாத்துடுங்க, செலவு கம்மி தான். மனசுக்குள்ள போடற கணக்கு எப்பவும் குறைச்சலா தான் வரும்.

கவுன்டர மாத்தி குவார்ட்ஸ் போடலாமான்னு அடுத்து கேப்பீங்க, எல்லாரும் கேக்கறாங்க. வேணாம். கல்லு கல்லு தான், சும்மா எடை.

ரிவெட்நட்_ராஜா:

ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. நான் மர வேலை பக்கம் சொல்றேன் அக்கா.

புது கேபினட் போடாதீங்க, இருக்கற பேன்ட்ரிய பிரிச்சு மேயுங்க. அந்த ரெண்டு அடி பலகையெல்லாம் கழட்டிட்டு புல்-அவுட் டிராயர் போடுங்க, முழுசா வெளிய வர்ற ஃபுல் எக்ஸ்டென்ஷன் ஸ்லைடு, 100 பவுண்டு ரேட்டிங் உள்ளது, அதுலயும் லாக் ஆகற டைப்பா பாத்து வாங்குங்க. சாஃப்ட் க்ளோஸ் மட்டும் நம்பாதீங்க, வீட்டுக்கு அது சரி, ஹைவேல ஒரு வளைவுல டிராயர் தானா வெளிய வந்து எதிர்ல இருக்கற ஐலேண்ட இடிக்கும்.

முக்கியமான விஷயம், ஸ்க்ரூ எங்க போடறோம்னு பாக்கணும். இந்த வண்டில சுவர்னு பாக்கறது பாதி இடத்துல மெல்லிசு பேனல் தான், பிஸ்கட்ல ஆணி அடிச்ச மாதிரி ரெண்டு நாள் நிக்கும், அப்புறம் ரோட்டோட ஆட்டத்துல ஓட்டை பெருசாகி எல்லாம் கீழ வந்துடும். ஸ்டட், அதாவது சுவருக்குள்ள நிக்கற சட்டம், எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சு அதுல போடணும், மரமா அலுமினியமான்னும் பாக்கணும். அலுமினியம்னா ரிவெட் நட், ஓட்டைல இறுக்கி உக்கார வச்சா ஸ்க்ரூவ பிடிச்சுக்கற நட். எதுவும் கிடைக்கலன்னா உள்பக்கம் அரை இன்ச் ப்ளைவுட் ஒண்ண பசை வச்சு ஒட்டி அதுல ஸ்லைட மாட்டுங்க, பாரம் பரவலா விழும். நீள ஸ்க்ரூ போட்டா பிடிப்பு நல்லா இருக்கும்னு நெனச்சு வெளி சுவர்லயோ ஸ்லைடு-அவுட் (நின்ன இடத்துல வெளிய தள்ளி விரிக்கிற அறைப் பகுதி) தரையிலயோ இறக்கிடாதீங்க, வயரும் தண்ணி பைப்பும் எந்தப் பக்கமா ஓடுதுன்னு யாருக்கும் தெரியாது.

அப்புறம் ஸ்லைடு-அவுட் உள்ள போனா எது எதோட இடிக்கும்னு அளந்துக்கோங்க. நிறைய மாடல்ல ஸ்லைடு-அவுட் மூடினப்புறம் ஐலேண்டுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவுல கை மட்டும் தான் போகும். டிராயர் ஒரு இன்ச் வெளிய நீட்டிக்கிட்டு இருந்தாலும் மோட்டார் அத ஒடச்சிட்டு தான் நிக்கும். மரத்த வெட்டறதுக்கு முன்னாடி அட்டைப் பெட்டிய அதே சைஸ்ல வெட்டி டேப் ஒட்டி ஒரு தடவ ஸ்லைடு-அவுட்ட மூடிப் பாருங்க.

டப்பா விஷயம். உருண்டை எவர்சில்வர் டப்பாவெல்லாம் ஊருக்கு அனுப்பிடுங்க 😀 ஒரு சதுரத்துக்குள்ள உருண்டைய வச்சா 21 சதவீதம் இடம் சும்மா காத்து தான். சதுர டப்பா, எல்லாம் ஒரே கம்பெனி ஒரே உயரம், மூடி மேல பேரு எழுதி டிராயர்ல நிக்க வைங்க, மேலேர்ந்து பாத்தாலே தெரியணும். அடியில ரப்பர் லைனர்.

டோ-கிக் இடம், அதாவது கேபினட்டுக்கு அடியில கால் முட்டற பலகைக்குப் பின்னாடி, அங்க தட்டை டிராயர் போடலாம்னு வீடியோல காட்டுவாங்க. போடலாம் தான், ஆனா நிறைய வண்டில ஃபர்னஸ் டக்ட் (ஹீட்டர் சூட்டுக் காத்து போற குழாய்) அங்க தான் ஓடும், பலகைய கழட்டி டார்ச் அடிச்சு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

கறிவேப்பிலை_தொட்டி:

ராஜா தம்பி எவர்சில்வர் டப்பாவ அனுப்ப சொல்றது அநியாயம், அஞ்சறைப்பெட்டிய மட்டும் யாரும் தொடக்கூடாது. மத்தபடி சரி.

நாங்களும் இதே மாதிரி தான் இருக்கோம், குளிர்காலம் அரிசோனா, மத்த நேரம் வடக்குப் பக்கம். சமைக்கிற ஆளா சொல்றேன். நீங்க ஸ்டோரேஜுன்னு கேட்டீங்க, ஆனா உங்க கஷ்டத்துல பாதி அடுப்பு. 50 ஆம்ப் கனெக்‌ஷன் தானே? 50 ஆம்ப்ல 12,000 வாட்ஸ் வரைக்கும் கிடைக்கும், ஒரு சிங்கிள் இன்டக்‌ஷன் 1,800 வாட்ஸ், அத ஐலேண்டு மேல வச்சுக்கோங்க, குக்கர் அங்க, வாணலி கேஸ்ல, இடிக்கிற பிரச்சனையே இல்ல. அலுமினியம் குக்கர் இன்டக்‌ஷன்ல வேலைக்கு ஆகாது, இன்டக்‌ஷன் பேஸ் உள்ள ஸ்டீல் குக்கர் வேணும். கேஸ் எரிஞ்சாலே ஈரம் வரும், அத கம்மி பண்ணா குளிர்ல ஜன்னல்ல தண்ணி முத்து முத்தா நிக்கறதும் கொறையும். ஆனா 30 ஆம்ப் மட்டும் இருக்கற பார்க்குக்கு போனா மொத்தமே 3,600 தான், ஏசியும் இன்டக்‌ஷனும் மைக்ரோவேவும் சேந்து ஓடினா பிரேக்கர் விழுந்துடும், அத்தைக்கு இத முதல் நாளே சொல்லிடுங்க.

புகைக்கு வருவோம். முதல்ல வண்டிக்கு வெளிய போய் ஹூட் வென்ட் எங்க இருக்குன்னு தேடுங்க. சின்னதா ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதுல ரெண்டு குட்டி லாக் இருக்கும், ஓடும்போது காத்துல அடிச்சுக்கக் கூடாதுன்னு போட்டு வச்சிருப்பாங்க. அத திருகி திறந்து விட்டா தான் புகை வெளிய போகும். இது தெரியாமயே வருஷக்கணக்கா சமைக்கிறவங்க இருக்காங்க. வெளிய மூடியே இல்லன்னா உங்களுது ஃபில்டர் வழியா புகைய உங்க மூஞ்சிக்கே திருப்பி விடற டைப். அப்ப கூரை ஃபேன் தான் வழி, ஃபேன வெளிய தள்ற மாதிரி வச்சுட்டு அடுப்புக்கு எதிர் பக்கம் ஜன்னல ரெண்டு விரக்கடை திறங்க, காத்து உள்ள வர வழி இல்லன்னா ஃபேன் சும்மா சுத்தும். அலாரத்துல சத்தத்த கொஞ்ச நேரம் நிறுத்தற ஹஷ் பட்டன் இருந்தா அத அமுக்குங்க, பேட்டரிய மட்டும் புடுங்காதீங்க.

மீன் வறுக்கறது, அப்பளம், வடை எல்லாம் ஆனிங் (வண்டியோட வெளிப்பக்கம் விரியற நிழல் கூரை) அடியில, வெளிய. உள்ள பொரிச்சா ஷேடு, சோஃபா, மெத்தை எல்லாம் மாசக்கணக்கா வாசனை புடிச்சிட்டு இருக்கும், விக்கும்போது விலையே கொறஞ்சிடும். வண்டியோட பக்கவாட்டுல கேஸ் குவிக் கனெக்ட் இருந்தா அதுல அடுப்ப மாட்டலாம், ஆனா அது ஏற்கனவே லோ பிரஷர், சிலிண்டருக்குன்னு செஞ்ச அடுப்புல அதோட சொந்த ரெகுலேட்டர் இருக்கும், ரெண்டு ரெகுலேட்டர் சேந்தா தீ மெழுகுவத்தி அளவுக்கு தான் வரும், லோ பிரஷருக்கான அடுப்பா பாத்து வாங்குங்க. கரடி இருக்கற ஊர்ல இதெல்லாம் கிடையாது, யெல்லோஸ்டோன்ல ஃபிஷிங் பிரிட்ஜ் பார்க்ல கெட்டி சுவர் உள்ள வண்டிய மட்டும் தான் விடறதே கரடிக்காகத் தான், அங்க வாசல்ல மீன் வறுத்தா வர்ற விருந்தாளி வேற 😅

கிரைண்டர்: நின்ன இடத்துல இருக்கும்போது கவுன்டர் மூலைல நிரந்தரமா இருக்கட்டும். கிளம்பற அன்னிக்கு உருளைக் கல்ல வெளிய எடுத்து டவல்ல சுத்தி தனியா கீழ வைங்க, உள்ளயே விட்டா ஒவ்வொரு குழிக்கும் பாத்திரத்துல இடிச்சு நசுக்கிடும். பாடிய ஐலேண்டு அடி டிராயர்ல வச்சு ஸ்ட்ராப் போடுங்க. புளிக்க வச்ச மாவ வச்சுக்கிட்டு மட்டும் கிளம்பாதீங்க. பாத்திரத்துல பாதிக்கு மேல இருந்தா அடுத்த ஊர்ல ஃபிரிட்ஜ் கதவ திறக்கறப்போ மாவு உங்கள வரவேற்கும். முந்தின நாளே தோசையா ஊத்தி தீத்துடுங்க.

கிச்சன் கிரே டேங்க்க (சிங்க் கழிவுத் தண்ணி சேர்ற டேங்க்) பத்தி யாருமே பேசல. எண்ணெய்ப் பாத்திரத்த பேப்பர்ல தொடச்சிட்டு தான் சிங்க்ல போடணும், சிங்க்ல மெல்லிசு வலை, கஞ்சித் தண்ணி, புளிச் சக்கை, கறிவேப்பிலை எதுவும் டேங்க்குக்குள்ள போகக்கூடாது. வெயில் காலத்துல அந்த நாத்தம் வந்தா அத்தை அடுத்த ஃபிளைட்ல ஊருக்குப் போயிடுவாங்க.

சிம்பிள்_சீனு:

எதுக்கு இவ்ளோ? ஆர்வின்னா எளிமையா வாழறதுக்குத் தானே. மாசத்துக்கு மூட்டை மூட்டையா வாங்காம ஆன்லைன்ல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ ஆர்டர் பண்ணுங்க, ரெடிமேட் மாவு கூட கிடைக்குது. கிரைண்டர வித்துடுங்க.

கறிவேப்பிலை_தொட்டி:

சீனு, அவங்க லீவுக்கு வரல, குடும்பம் நடத்தறாங்க. ரெடிமேட் மாவு இர்விங்ல கிடைக்கும், காத்தாடிக்கு நடுவுல கிடைக்காது. மேற்கு டெக்சாஸ் வெயில்ல மாவு பார்சல்ல வந்தா பொங்கி பெட்டிய விட்டு வெளிய வந்துடும்.

காத்தாடி_வீட்டுக்காரி:

ரொம்ப ரொம்ப தேங்க்ஸ். இப்ப தான் வெளிய போய் பாத்தேன், ஹூட் மூடி லாக்லயே தான் இருந்துச்சு!! திறந்து விட்டுட்டு வெங்காயம் தாளிச்சேன், அலாரம் கத்தல. ஸ்டிக்கர்ல 2,400 பவுண்டுன்னு இருக்கு, வீட்டுக்காரர் அத பாத்துட்டு அவரோட டூல் பாக்ஸ பத்தி மட்டும் பேச்சே எடுக்க மாட்டேங்கறார். இன்னொண்ணு கேக்கணும், அந்த எலக்ட்ரிக் ஃபயர்பிளேஸ கழட்டிட்டு அந்த இடத்துல அரிசி பருப்பு டிராயர் போடலாமா? நாங்க அத போட்டதே இல்ல.

ரிவெட்நட்_ராஜா:

போடலாம் அக்கா, நல்ல இடம், தரையோட இருக்கு. அது பெரும்பாலும் நாலு ஸ்க்ரூல தான் நிக்கும், சாதா பிளக் தான், பவர ஆஃப் பண்ணிட்டு இழுத்தா வந்துடும். பின்னாடி என்ன ஓடுதுன்னு பாருங்க, டிவி லிஃப்ட் (டிவிய மேல கீழ ஏத்தி இறக்கறது) இருந்தா அதோட மோட்டாரும் வயரும் அங்க தான் இருக்கும், அதுக்கு இடம் விட்டு டிராயர் ஆழத்த கொறைங்க. பிளக் பாயின்ட்ட அப்படியே விட்டு டிராயருக்குப் பின்னாடி மூடிடாம பக்கவாட்டுல ஒரு பலகைல கொண்டு வாங்க, இன்டக்‌ஷனுக்கோ மிக்ஸிக்கோ உதவும், எந்த பிரேக்கர்ல இருக்குன்னு மட்டும் முதல்ல பாத்துக்கோங்க. ஃபயர்பிளேஸ தூக்கிப் போட்டுடாதீங்க, அதுல ஹீட்டர் இருக்கு, கான்சாஸ் குளிர்ல ஃபர்னஸ் மக்கர் பண்ணா தேவைப்படும். மூணு டிராயர் வரும்னு நெனக்கிறேன், அகலமும் ஆழமும் அளந்து ஃபோட்டோவோட போடுங்க, ஸ்லைடு எந்த சைஸ்னு சொல்றேன்.