அக்கா மகனுக்கு வெளிப்பழக்கம் ஏற்பட வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா மகனுக்கு 17 வயது. குடும்பத்தோடு வேறு நாட்டில் குடியேறி ஓராண்டு ஆகிறது. வீடு, பள்ளிச் சேர்க்கை, பகுதிநேர வேலை எல்லாமே ஏற்கெனவே அங்கிருந்த அவன் சித்தப்பா மூலம்தான் அமைந்தன. அவர் இல்லையென்றால் திண்டாடிப் போயிருப்பார்கள்.

ஆனால் இப்போது பையனின் உலகமே சொந்தங்களுக்குள் சுருங்கிவிட்டது. வீட்டில் புது மொழியை முதலில் பிடித்துக்கொண்டவன் அவன்தான். அதனால் அம்மாவுக்காக மருத்துவரிடம் பேசுவது, வங்கிக் கடிதத்தைப் படித்துச் சொல்வது எல்லாம் அவன் தலையில். பள்ளிப் பிள்ளைகள் விளையாடக் கூப்பிட்டால், "வேலை இருக்கு" என்று ஒதுங்கிவிடுகிறானாம். இரவில் பழைய நண்பர்களின் வாட்ஸ்அப் குழுதான் துணை. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு அது பெரிய ஆறுதல்.

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரையில், புதிய தகவலும் வாய்ப்பும் நெருங்கியவர்களைவிட மேலோட்டமாகப் பழகியவர்கள் வழியாகவே அதிகம் வரும் என்கிறார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். இவனிடம் மேற்படிப்பு பற்றிக் கேட்டால், சித்தப்பாவின் தொழிலைத் தவிர வேறெதையும் சொல்லத் தெரியவில்லை.

இளம் வயதில் குடிபெயர்ந்தவர்கள் சொல்லுங்கள்: உங்கள் முதல் வெளி நட்பு எங்கே கிடைத்தது? விளையாட்டுக் குழுவிலா, நூலகத்திலா, தன்னார்வப் பணியிலா? மொழிபெயர்க்கும் பொறுப்பை, பெற்றோர் மனம் நோகாமல் எப்படிக் குறைத்தீர்கள்? அக்காவிடம் இந்தப் பேச்சை எப்படி எடுப்பது என்று யாராவது சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.