அண்ணன் எழுத்துப் பலகையை முன்போலவே படிக்கிறார், ஸ்கேனில் மட்டும் கோடு குறைகிறது. ஏன்?

பள்ளத்தூர் தங்கை:

வணக்கம். அண்ணனுக்காகக் கேட்கிறேன். வயது 41, காரைக்குடியில் இரும்புக்கடை. சிறு வயதிலிருந்தே இருட்டினால் தடுமாறுவார். மாலைக்கண் என்று ஆத்தா முருங்கைக்கீரையும் பொன்னாங்கண்ணியுமாகச் சமைத்துப் போட்டார்கள். 2021இல் மதுரையில் காட்டியபோதுதான் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, பரம்பரையாக வரும் விழித்திரை நோய் என்று தெரிந்தது. அப்பச்சிக்கு (எங்கள் அப்பாவுக்கு) ஆத்தா சொந்த அம்மான் மகள்.

போன பிள்ளையார் நோன்பன்று இழை எடுத்துக்கொண்டு வந்தவர், வளவிலிருந்து (வீட்டு முற்றத்திலிருந்து) இரண்டாம் கட்டுக்குப் போகும் படியில் கால் தவறி விழுந்துவிட்டார். பிறந்ததிலிருந்து நடந்த வீடு. எனக்கு மனசே ஆறவில்லை.

போன மாதம் மறுபடி போனோம். எழுத்துப் பலகையில் அன்றும் 6/9, இன்றும் 6/9, அதாவது இயல்புக்குச் சற்றே குறைவு. ஆனால் டாக்டர் ஓசிடி (விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஸ்கேன்) படத்தில் ஒரு வெளிச்சமான கோட்டைக் காட்டி, வலது கண்ணில் அது 2900 மைக்ரானிலிருந்து 2350 ஆகிவிட்டது என்றார். அண்ணனோ, "கணக்கு நோட்டு தெரிகிறது. மருந்தும் இல்லை. கடையை அடைத்துவிட்டு வருடா வருடம் படம் எடுக்க எதற்குப் போக வேண்டும்?" என்கிறார். ராத்திரி பைக் ஓட்டுவதை மட்டும் விட்டிருக்கிறார். நான் என்ன சொல்லிப் புரியவைப்பது?

ஸ்கேன் அறை, திருச்சி:

தங்கச்சி, 14 வருடமாக இந்தப் படங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் அண்ணன் கேட்பதை வாரம் ஒருவராவது கேட்பார்கள்.

எழுத்துப் பலகை விழித்திரையின் நட்டநடுவை மட்டும்தான் சோதிக்கிறது. இந்த நோய் பெரும்பாலும் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி வரும். அந்தக் கோட்டுக்கு எலிப்சாய்டு ஸோன் என்று பெயர். ஒளியை உணரும் செல்கள் ஒழுங்காக இருக்கும் இடம் வரை அது தெரியும், செல்கள் போன இடத்தில் மங்கி அறுந்துவிடும். இரண்டு முனையும் உள்ளே வருகின்றன, நடு அப்படியே இருக்கிறது. அதனால்தான் 6/9 மாறவில்லை.

ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர். அந்தக் கணக்கை அண்ணனுக்கு இப்படிக் காட்டுங்கள். விழித்திரையில் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் என்பது ஒரு டிகிரி பார்வை. அன்று சுமார் 10 டிகிரி, இன்று 8. கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. நன்றாக வேலை செய்யும் பகுதி அந்த முஷ்டியை விடச் சிறிதாகிவிட்டது. அதற்கு வெளியே கொஞ்சம் மங்கலாகத் தெரியலாம், அதைப் பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட்தான் சொல்லும். அந்த டெஸ்ட் எடுத்து டாக்டரிடம் கேட்கும்வரை பகலிலும் பைக் வேண்டாம். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

மருந்து இல்லை என்பதும் முழுக்கச் சரியில்லை. இந்த நோய் உள்ள சிலருக்கு நடு விழித்திரையில் நீர் கோத்துக்கொள்ளும். ஓசிடியில் அது தேன்கூட்டு ஓட்டை மாதிரி தெரியும். பலருக்கு டார்சோலமைடு சொட்டு மருந்திலேயே வற்றும். மிச்சமிருக்கும் நடுப் பார்வையைக் காக்க வருடம் ஒரு படம் எடுப்பது அதிகமே இல்லை. பழைய படங்களைப் பத்திரமாக வையுங்கள். முடிந்தவரை அதே இடத்தில், அதே கம்பெனி மெஷினில் எடுங்கள். மெஷின் மாறினால் அளவும் கொஞ்சம் மாறும், நோய் கூடியதா மெஷின் மாறியதா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

தேவகோட்டை 56:

எனக்கும் இதே நோய்தான் அம்மா. அண்ணனிடம் ஜீன் டெஸ்ட் பற்றிப் பேசுங்கள். ஆர்பிஈ65 என்ற ஒரே ஒரு ஜீனில் வரும் வகைக்கு 2017இல் அமெரிக்காவில் ஜீன் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. அதற்குக்கூட விழித்திரையில் உயிருள்ள செல்கள் போதுமான அளவு இருந்தாக வேண்டும். எனக்கு வேறு ஜீன். ஆனாலும் நாளை எனக்கென்று ஒன்று வந்தால் முதலில் கேட்கப்போவது இந்த ஸ்கேன் படங்களைத்தான்.

கீரை தாராளமாகச் சாப்பிடட்டும். வைட்டமின் ஏ மாத்திரையைத் தானாக வாங்க வேண்டாம். ஏபிசிஏ4 ஜீன் கோளாறு என்றால் அது கெடுதல்.

இன்னொன்று. நம் நகரத்தார் பக்கம் கோயில் (குலப்பிரிவு) வேறாக இருந்தால் சம்பந்தம் செய்யலாம் என்கிறோம். கோயில் அப்பச்சி வழியில் வருவது. ஜீன் ஆத்தா வழியிலும் வரும். அண்ணனுக்கு இரு பக்கமிருந்தும் சேர்ந்து வந்த வகை என்று உறுதியானால், அவர் பிள்ளைகள் எல்லோரும் அந்த ஜீனைச் சுமப்பவர்கள், நோய் இல்லாமல் இருந்தாலும். நோய் இல்லாத தங்கை நீங்கள் சுமப்பதற்கு மூன்றில் இரண்டு வாய்ப்பு. உங்கள் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் பேச்சு வரும் முன்னே பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

படி விளிம்பில் மஞ்சள் பெயின்ட் ஒரு பட்டை அடியுங்கள். ஆத்தங்குடிக் கல்லின் பூவேலையில் படி எங்கே முடிகிறது என்றே எங்களுக்குத் தெரியாது. வளவு வெளிச்சத்திலிருந்து உள்ளே நுழையும்போது நிலையைப் பிடித்து ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் தங்கை:

இருவருக்கும் நன்றி. முஷ்டி பிடித்துக் காட்டினேன். அண்ணன் ரொம்ப நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பைக் சாவியை எடுத்துக் கடைப் பையனிடம் கொடுத்துவிட்டார். 2021 அறிக்கை கல்லாப் பெட்டிக்கு அடியில் இருந்தது, இப்போது இரண்டும் ஒரே ஃபைலில். வெள்ளிக்கிழமை ஃபீல்டு டெஸ்டுக்குப் போகிறோம், நானும் கூடப் போகிறேன். படிக்கு இன்று காலையே பெயின்ட் அடித்தாயிற்று.