நான்கு வருடத்தில் எத்தனை வென்ஃப்ளான்?

புது ஸ்டாஃப்:
நர்ஸ்கள் பேசும் இந்தப் பக்கத்தில் நேற்று சம்பளம் பற்றிய பேச்சில் 'வார்டு இன்சார்ஜ்' என்ற பெயரில் வரும் சீனியர் சிஸ்டர் எழுதியதை டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது படித்தேன். "இப்போது படித்து வருகிற பிள்ளைகளுக்கு ஒரு வென்ஃப்ளான் ஒழுங்காகப் போடத் தெரியவில்லை, இவர்களுக்கு ஆர்என் நம்பர் கொடுப்பதே தப்பு." இதுதான் அவர் எழுதியது. (வென்ஃப்ளான் என்பது மருந்து ஏற்றக் கையின் ரத்தக் குழாயில் ஊசியால் ஏற்றி வைக்கும் சிறு குழாய்; ஆர்என் நம்பர் என்பது நர்ஸாகப் பதிவு செய்த எண்.) அங்கே பதில் போட்டால் சம்பளப் பேச்சு கெட்டுவிடும் என்று தனியாக எழுதுகிறேன்.

நான் பிஎஸ்சி நர்சிங் முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. சேர்ந்த ஒன்பதாம் நாளே நைட் டியூட்டி. 22 நோயாளிகள், நானும் இன்னொரு புதுப் பெண்ணும் மட்டும். அன்று எனக்குத் தெரியாமல் போனது வென்ஃப்ளான் இல்லை. 14ஆம் பெட் அம்மாவுக்கு ராத்திரி ஒரு மணிக்கு மூச்சு வேகமாகிறது, பிபி கொஞ்சம் இறங்குகிறது. டியூட்டி டாக்டரை எழுப்பலாமா, எழுப்பினால் "இதுக்கா கூப்பிட்டீங்க" என்பாரா, காலையில் எங்கள் வார்டு இன்சார்ஜ் என்ன சொல்வார் என்று இருபது நிமிடம் நின்றேன். அந்த இருபது நிமிடத்தைப் பற்றி யாரும் பேச மாட்டேன் என்கிறீர்கள், ஊசியை வைத்தே எங்களை அளக்கிறீர்கள்.

வார்டு இன்சார்ஜ்:
என்னைச் சொல்லித் தொடங்கியிருப்பதால் நானே வருகிறேன். எழுதியதை மாற்றப் போவதில்லை. நான் ஜிஎன்எம், அதாவது நர்சிங் டிப்ளமோ, 24 வருட சர்வீஸ். இரண்டாம் வருடத்திலேயே கேஷுவாலிட்டியில் நிற்க வைத்துவிட்டார்கள். கை நடுங்க நடுங்கக் கற்றுக்கொண்டோம், ஆனால் வேலைக்குச் சேர்ந்த அன்று நடுங்கவில்லை. போன மாதம் என் வார்டில் சேர்ந்த பெண் ஒரு தாத்தாவின் கையில் நான்கு இடத்தில் குத்திவிட்டு அழுதுகொண்டு வந்து நின்றாள். அவள் கண்ணீரை நான் துடைத்தேன். தாத்தாவுக்கு யார் பதில் சொல்வது?

ஒரே கேள்வி பாப்பா. நான்கு வருடத்தில் நீ எத்தனை வென்ஃப்ளான் போட்டாய்?

டியூட்டர்:
மேடம், கல்லூரிப் பக்கத்தையும் கேளுங்கள். ஒரு பேட்சில் 60 பேர். கவுன்சில் கணக்குப்படி ஒரு மாணவிக்கு மூன்று படுக்கை இருக்க வேண்டும். காகிதத்தில் இருக்கிறது. ஜிஎச்சுக்கு பஸ்ஸில் அழைத்துப் போனால் எங்களுக்கு முன்பே வேறு இரண்டு கல்லூரி யூனிஃபார்ம் அங்கே நிற்கிறது. நோயாளியும் "படிக்கிற பிள்ளை வேண்டாம்மா, பெரிய சிஸ்டரை வரச் சொல்லு" என்று கையை இழுத்துக்கொள்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. 2021இல் வந்த புதுப் பாடத்திட்டத்தில் எட்டாவது செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப் என்று வைத்ததே இந்தக் குறையைச் சரிசெய்யத்தான்.

வார்டு இன்சார்ஜ்:
பாடத்திட்டம் பற்றி நான் கேட்கவில்லை. எத்தனை என்றுதான் கேட்டேன்.

புது ஸ்டாஃப்:
முதலில் என்னைப் பாப்பா என்று கூப்பிடாதீர்கள். எனக்கும் உங்களைப் போல ஆர்என் ஆர்எம் (நர்ஸ், மருத்துவச்சி) நம்பர் இருக்கிறது.

எண்ணிக்கைதானே வேண்டும்? ஆறு. மறைக்க ஒன்றும் இல்லை. மகப்பேறு கேஸ் புக்கில் இத்தனை பிரசவம் என்று எண்ணி எழுத வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும், அதனால் எப்படியாவது முடித்துவிட்டோம். வென்ஃப்ளானுக்கு எங்கள் கல்லூரியில் அப்படி யாரும் எண்ணிக்கை கேட்கவில்லை. டம்மி கையில் நூறு முறை குத்தியிருப்பேன். டம்மி கையில் நரம்பு நழுவாது.

வார்டு இன்சார்ஜ்:
ஆறு. எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு வருடம், ஆறு வென்ஃப்ளான். நாங்கள் ஒரே நாளில் போட்டது. இதைத்தானே நான் நேற்று சொன்னேன்?

பாப்பா என்றது வயசுக்கு. என் மகளும் உன் வயதுதான். கோபம் வந்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

ஐசியூ நைட்:
மேடம், ஒரே நாளில் ஆறு போட்டீர்கள் சரி. அன்று உங்கள் பக்கத்தில் ஒரு சீனியர் நின்றாரா இல்லையா? இந்தப் பெண்ணின் பக்கத்தில் யார் நின்றார்கள்? நர்சிங் கவுன்சில் சொல்கிற கணக்கு போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று பேருக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒரு நர்ஸ். இவர்கள் இரண்டு பேர் 22 பேரைப் பார்த்திருக்கிறார்கள், இருவருமே புதுசு. இதில் யார் யாருக்குச் சொல்லித் தருவது?

நான் 2015இல் எம்ஆர்பி (அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி வந்தவன். தொகுப்பூதியம் 7,700 ரூபாய். முதல் போஸ்டிங் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், முதல் வாரமே தனி நைட். பாம்புக்கடி ஒன்று வந்தது. அன்று வென்ஃப்ளான் முதல் குத்திலேயே ஏறிவிட்டது. ஆனால் பாம்பு விஷமுறிவு மருந்தான ஏஎஸ்வி போட்ட பிறகு அலர்ஜி வந்தால் எந்த மருந்தைக் கையில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பதை ஃபோனில் ஒரு சீனியர் சிஸ்டர் சொல்லித்தான் அட்ரினலினை எடுத்து வைத்தேன். ஊசி ஏறியதால் மட்டும் அவர் பிழைக்கவில்லை.

வார்டு இன்சார்ஜ்:
பிரதர், ஊசி ஏறியதால்தான் ஏஎஸ்வி உள்ளே போனது. ஏறாமல் இருந்திருந்தால்? நீங்களே என் பக்கம் பேசிவிட்டீர்கள்.

இன்னொன்று. 7,700க்கு நீங்கள் எல்லாரும் தலையாட்டிச் சேர்ந்ததால்தான் இன்றைக்கும் தனியாரில் புதுப் பிள்ளைகளை இந்த விலைக்குக் கேட்கிறார்கள்.

ஐசியூ நைட்:
அதை மட்டும் சொல்லாதீர்கள் மேடம். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்றுதான் எடுத்தார்கள். சென்னையில் மருத்துவத் துறை அலுவலகமான டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்து போராடியவர்கள் நாங்கள். அது 14,000 ஆகி 18,000 ஆனது எங்கள் தொண்டை கிழிந்ததால். ரெகுலரில் பழைய ஓய்வூதியத்தோடு உள்ளே வந்தவர்கள் அன்று எத்தனை பேர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்?

வார்டு இன்சார்ஜ்:
நான் எந்த வருடம் சேர்ந்தேன், என்ன ஓய்வூதியம் என்பது உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் பேசாதீர்கள்.

டியூட்டர்:
சம்பளம் என்று வந்துவிட்டதால் ஒன்று. 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு குழு அமைத்தது. 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸ் வாங்குகிற அளவு தர வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. என் மாணவிகள் கையில் வாங்குவது அதற்குப் பக்கத்தில்கூட இல்லை.

புது ஸ்டாஃப்:
எனக்கு 13,500. சேர்ந்த புதிதில் டிரெய்னி என்று சொல்லி 9,000. இரண்டு வருட பாண்ட், ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாம் அவர்கள் பீரோவில்.

வார்டு இன்சார்ஜ்:
சம்பளம் குறைவு என்பதற்காக நோயாளியின் கை மரக்கட்டை ஆகிவிடாது. கேள்வி அப்படியே நிற்கிறது. ஆறு போட்டவர் வேலைக்குத் தயாரா இல்லையா?

நோயாளியின் மகன்:
நான் நர்ஸ் இல்லை. அப்பாவுக்கு டயாலிசிஸ், மாதத்தில் பாதி நாள் மருத்துவமனையில்தான். ஒருமுறை ஒரு புதுப் பெண் மூன்று தடவை குத்தினார், எனக்கு ஆத்திரம் வந்து சத்தம் போட்டேன். இன்னொரு முறை வேறொரு பெண், அவரும் புதுசுதான், ஒரு தடவை முயன்று பார்த்துவிட்டு "ஐயா, எனக்கு வரவில்லை, எங்கள் சீனியரைக் கூப்பிடுகிறேன்" என்றார். அவர்மேல் கோபமே வரவில்லை. டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா இருக்கிற இடது கையில் பிபி கூட பார்க்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அந்தப் பெண்தான்.

வார்டு இன்சார்ஜ்:
சார், மூன்று தடவை குத்தினார் என்று நீங்களே சொல்கிறீர்கள். இரண்டு முறைக்கு மேல் ஒரே ஆள் முயலக் கூடாது, அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும். அதுகூடத் தெரியவில்லை பாருங்கள்.

ஐசியூ நைட்:
கூப்பிட அடுத்த ஆள் இருந்தால்தானே மேடம்?

புது ஸ்டாஃப்:
இன்னொன்றைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். எனக்கு உண்மையில் தூக்கம் போனது இன்சுலினில். நம் ஊர் இன்சுலின் குப்பியில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. இன்சுலின் பேனாவில் போடுகிற கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். ஒரு நைட்டில் பேனா வேலை செய்யவில்லை என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் பத்துக் கோடு இழுத்துவிட்டேன். பத்துக் கோடு என்றால் கால் மில்லி. கார்ட்ரிட்ஜில் கால் மில்லி 25 யூனிட். பத்து யூனிட் என்று நினைத்து 25 கொடுத்திருப்பேன். கூட இருந்த பெண் "இது எந்த மூடி?" என்று கேட்டாள், அவ்வளவுதான், கை நின்றது. வென்ஃப்ளான் தவறினால் கை வீங்கும், மன்னிப்புக் கேட்கலாம். இது தவறியிருந்தால் அந்த மனிதர் காலையில் எழுந்திருக்கவே மாட்டார். எங்களுக்கு முதல் மூன்று மாதம் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்று நான் கேட்பது இதற்காக.

வார்டு இன்சார்ஜ்:
பேனா இன்சுலினைச் சிரிஞ்சில் இழுப்பதே தப்பு. இதையும் கல்லூரியில் சொல்லித் தரவில்லையா? டியூட்டர் இங்கேதான் இருக்கிறார், அவரையே கேள். இன்சுலினைக் கொண்டுவந்து பேச்சை மாற்றாதே. வென்ஃப்ளானைப் பற்றித் தொடங்கியது நீதான்.

டியூட்டர்:
சொல்லித் தருகிறோம் மேடம். எங்கே பார்த்தாலும் கல்லூரியையே இழுக்கிறீர்கள். பிஎஸ்சி என்றாலே உங்களுக்கு ஒரு இது இருக்கிறது. பட்டப்படிப்பு நேற்று முளைத்ததில்லை, வேலூர் சிஎம்சியில் 1946லேயே தொடங்கியது.

வார்டு இன்சார்ஜ்:
அதே வேலூரில் 1909லேயே நர்சிங் பள்ளி இருந்தது. டிகிரி வருவதற்கு முன் அத்தனை வருடம் நோயாளியைப் பார்த்தது யார்? நாங்கள்தான். டிகிரி கூடாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. என் மகளே பிஎஸ்சிதான் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் என் கையையே நீட்டி இதில் போடு என்பேன். அவள் இதுவரை பதினெட்டு போட்டுவிட்டாள். மனசு இருந்தால் வழி கிடைக்கும்.

புது ஸ்டாஃப்:
உங்கள் மகளுக்கு நீங்கள் கை நீட்டுகிறீர்கள். உங்கள் வார்டில் அழுதுகொண்டு வந்தாளே, அந்தப் பெண்ணுக்கு யார் நீட்டினார்கள்?

வார்டு இன்சார்ஜ்:
வார்டில் 40 பேருக்கு மருந்து பார்த்து, ஸ்டாக் எழுதி, டிஸ்சார்ஜ் பார்த்து, நடுவில் ஒவ்வொருத்திக்கும் கை நீட்ட எனக்கு எத்தனை கை? இதெல்லாம் படிக்கும்போதே முடித்துவிட்டு வர வேண்டியது. சரி, அந்த ஆறு என்ன ஆறு? எல்லாம் மெல்லிய நீலமா, தடித்த பச்சையா? ரத்தம் ஏற்ற 18 கேஜ் பச்சை போட்டிருக்கிறாயா? நல்ல நரம்பில் நீலம் எவரும் போடுவார்கள்.

ஐசியூ நைட்:
பச்சையைவிடக் கொஞ்சம் மெல்லிய 20 கேஜ் ரோஸிலும் ரத்தம் ஏற்றலாம் மேடம். ஐசியூவில் தினமும் பார்க்கிறேன்.

வார்டு இன்சார்ஜ்:
விபத்துக் கேஸில் ரோஸ் போட்டுக்கொண்டு நில்லுங்கள், அப்புறம் தெரியும்.

ஐசியூ நைட்:
விபத்து என்று யார் சொன்னது? ரத்தம் என்றுதானே சொன்னீர்கள்.

புது ஸ்டாஃப்:
எனக்கு ஏழரைக்கு நைட் டியூட்டி, கிளம்புகிறேன். இன்றும் நாங்கள் இரண்டு பேர்தான். 14ஆம் பெட்டில் வேறு அம்மா. மூச்சு வாங்கினால் யார் திட்டினாலும் டாக்டரை எழுப்பிவிடுவேன். அதை எனக்குக் கல்லூரியும் சொல்லவில்லை, இன்சார்ஜும் சொல்லவில்லை.

வார்டு இன்சார்ஜ்:
ஆறில் பச்சை எத்தனை என்று இன்னும் சொல்லவில்லை.