பெயர் பொறிக்காத மிரியம் ஹாஸ்கெல் முத்துமாலை: காலம் கணிக்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. மிரியம் ஹாஸ்கெல் 1926-ல் நியூயார்க்கில் தொடங்கிய நகை நிறுவனத்தின் வரலாற்றைத் தேடிப் படித்து வருகிறேன். நெடுங்காலம் அங்கே வடிவமைத்தவர் ஃபிராங்க் ஹெஸ். கோணல்மாணலான செயற்கை முத்துகளை ஒவ்வொன்றாக மெல்லிய கம்பியில் கோத்து, துளையிட்ட உலோகத் தகட்டில் கையாலேயே கட்டியிருக்கிறார்கள். என்ன பொறுமை!

1940-களின் பிற்பகுதிக்கு முன் வந்த நகைகளில் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயர் இருக்காது. என்னிடமுள்ள மாலையிலும் இல்லை. கொக்கி, கம்பிக்கட்டு, முத்தின் பூச்சு இவற்றை வைத்துக் காலம் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா? போருக்கு முந்தைய ஐரோப்பிய முத்தையும் பிந்தைய ஜப்பானிய முத்தையும் எப்படிப் பிரித்தறிவது? பழைய விளம்பரப் பக்கங்கள் இருந்தால் படம் போடுங்கள். அப்புறம், பூச்சு உரியாமல் துடைக்கும் வழியும் சொல்லுங்கள்.